கடைசி மணிக்குப் பிறகு

ஜூன் 20

மூன்றாம் வகுப்பு பவித்ரா இன்று கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே அழைத்துப் போனேன். வழியில் சொன்னாள்: "தம்பி பசிக்குதுன்னு அழுதான் டீச்சர். பால் காய வெச்சேன். கரித்துணி இல்லாம எறக்கிட்டேன்."

அவள் அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறாள். அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான். பள்ளி நாலு மணிக்கு மேல் விடுகிறது. கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட ஏழு மணி ஆகிவிடுகிறது. இடையில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

சத்துணவுக்கு முட்டை குறைவாக வந்திருக்கிறது. நாளை கேட்க வேண்டும்.

வீடு வர ஆறரை. அவர் கதவைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "சாயங்காலத்துலேர்ந்து இங்கியேதான் அண்ணி உக்காந்துங்கீறாரு" என்றாள் அவர் தங்கை குமுதா. முட்டைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

ஜூன் 24

மழை. ஆறாம் வகுப்பறையில் ஒழுகுகிறது. வாளி வைத்தோம்.

ஜூன் 27

ஆம்பூரில் தலைமை ஆசிரியர்கள் கூட்டம். சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை இந்த வருடம் எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு நிதி தரப் போகிறதாம். படிவம் கொடுத்தார்கள். ஸ்மார்ட் வகுப்பறை, கழிப்பறை, ஆய்வகம், நூலகம், சுற்றுச்சுவர் என்று தலைப்புகள். எல்லாவற்றுக்கும் கீழே "மற்றவை". பக்கத்தில் இருந்த சார், "ஸ்மார்ட் போர்டு எழுதிடுங்க மேடம், கேள்வி கேக்காம குடுப்பாங்க" என்றார்.

அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த பெண்ணின் பெயர் தீபலட்சுமி. முப்பது வயதுகூட இருக்காது. சாப்பாட்டு இடைவேளையில் அவளிடம் போய், "ஆளுக்கு நிதி உண்டா?" என்று கேட்டேன்.

"எந்த ஆளுக்கு மேடம்?"

"சாயங்காலம் ஸ்கூல தொறந்து வெச்சு பிள்ளைகளோட உக்கார ஒரு ஆளுக்கு."

"பொருளுக்குத்தான் மேடம் தர்றோம். பொருள்னா ஒரு தடவை குடுத்தா முடிஞ்சுது. ஆள்னா வருஷா வருஷம் குடுக்கணுமே." தவறில்லை. அவள் வேலை அது. கிளம்பும்போது அவளே கூப்பிட்டுச் சொன்னாள்: "மற்றவைன்னு போட்டு எழுதிப் பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மாசமாவது நீங்களே நடத்திக் காட்டியிருக்கணும். வந்து பார்ப்போம்."

அவருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வகை கிடைக்கவில்லை.

ஜூலை 3

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். தலைவர் நஸீமா கம்பெனியில் அரை நாள் அனுமதி வாங்கி வந்திருந்தாள். நிதி விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் ஸ்மார்ட் போர்டு கேட்கலாம் என்றார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் மாட்டியிருக்கிறார்களாம், சினிமா மாதிரி தெரிகிறதாம்.

நஸீமா பவித்ராவின் கையைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருக்கும் அது மனதில் இருந்தது. "போர்டு செவுத்துல கெடக்கும் டீச்சர். எம் பொண்ணு எங்க கெடப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் போர்டு பற்றிப் பேசவில்லை.

ஒரு மாதம் நடத்திக் காட்ட யார் இருப்பது என்று கேள்வி வந்தது. குழுவில் எல்லோரும் கம்பெனி வேன் ஏறுகிறவர்கள். மற்ற ஆசிரியர்கள் திருப்பத்தூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வருகிறவர்கள். "நான் இருக்கிறேன்" என்றேன்.

"வூட்ல சார் ஒடம்பு முடியாம கீறாரே டீச்சர்."

"நாத்தனார் இருக்கா. ஒண்ணும் கஷ்டமில்ல."

உண்மையிலேயே கஷ்டமில்லை.

அவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஏகாம்பரம் கண்டக்டர் என்றால் இந்தச் சாலையில் தெரியாதவர்கள் குறைவு. பக்கவாதம் வந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். வலது கை இன்னும் வரவில்லை. கோலூன்றி நடக்கிறார். பேச்சில் மிஞ்சியது "இல்ல" என்ற ஒரே சொல். காபி வேண்டாம் என்றாலும் இல்ல, வேண்டும் என்றாலும் இல்ல. முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பகலெல்லாம் கத்திவிட்டு வருகிறவளுக்கு...

நாளைக்குக் கீரை வாங்க வேண்டும்.

ஜூலை 8

முதல் நாள். முப்பது பிள்ளைகளுக்கு மேல் நின்றுவிட்டார்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தோம். வீட்டுப்பாடம் முடித்ததும் மைதானம். பவித்ராவின் தம்பி என் மடியில் தூங்கிப்போனான். வேன் வந்ததும் தாய்மார்கள் நேராகப் பள்ளிக் கேட்டுக்கே வந்தார்கள். ஒருத்தி கேட்டில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டால் வரவில்லை. "பாத்துனு நிக்கிறேன் டீச்சர், அவ்ளோதான்" என்றாள்.

ஏழரைக்கு வீடு வந்தேன். அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். நல்ல நாள்.

ஜூலை 17

சனிக்கிழமையும் நடத்தலாமா என்று நஸீமாவிடம் கேட்டேன்.

"சனிக்கெழம வாணாம் டீச்சர். கம்பெனிய மத்தியானமே உட்டுர்றாங்க."

"ஞாயிறு?"

சிரித்தாள். "ஞாயித்துக்கெழமையாச்சும் நீங்க வூட்ல இருங்க."

பிள்ளைகளுக்குத் தொடர்ச்சி விட்டுப்போகக் கூடாதே என்றுதான் கேட்டேன்.

ஜூலை 26

குமுதாவின் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். இவள் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பிவிட்டாள், மூன்று மாதம் வர மாட்டாள். பேருந்து நிறுத்தத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள்.

"கேளு."

"நீங்க அந்தப் புள்ளைங்களுக்காகத்தான் அங்க இருக்கீங்களா, இல்ல..."

"இல்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. மாத்திரைய அண்ணன் துப்பிடறாரு. வாயத் தொறந்து பாத்துக்குங்க."

பேருந்து வந்துவிட்டது. பாவம், பெண்ணின் பிரசவக் கவலையில் ஏதோ பேசுகிறாள்.

ஜூலை 29

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள சரோஜா என்ற அம்மாள் கிடைத்தார். நாலரைக்கு மேல் இருக்க முடியாது, அவருக்கும் வீடு இருக்கிறது. ஊரில் விசாரித்துவிட்டேன். நாலரைக்குப் பிறகு அவரோடு உட்கார ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஜூலை 30

வேறு வழியில்லாமல் ஆட்டோ வைத்து அவரைப் பள்ளிக்கே வரச் செய்தேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டேன். பிள்ளைகள் சத்தம் அடங்கிவிட்டது. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நான் சுண்டல் கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது பவித்ரா அவர் எதிரில் நின்று அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, கை சுட்டுச்சா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"இல்ல."

"எனக்கு வலிச்சிது" என்று தன் உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். புதுத்தோல் வந்திருக்கிறது. அவர் அதைத் தன் இடது கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

ஆகஸ்ட் 6

அறையில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெளியே பிள்ளைகள் பஸ் விளையாட்டு. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, நஸீமாவின் மகள் அஃப்ரீன் கண்டக்டர். "வேலூர், மாதனூர், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, ஆம்பூர்" என்று வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்று அவர் குரல் கேட்டது. பிறகு இன்னும் பலமாக, "இல்ல! இல்ல!" யாரோ அவரைச் சீண்டுகிறார்கள் என்று எழுந்தேன். வாசல்வரை வந்திருப்பேன்.

"விரிஞ்சிபுரம். பள்ளிகொண்டா. மாதனூர். ஆம்பூர். மின்னூர். வாணியம்பாடி."

வெளியாள் யாரோ உள்ளே வந்துவிட்டான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். ஒரு சொல் பிசகவில்லை. அந்த இழுப்பு, அந்த ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது. அஃப்ரீன் இடுப்பில் கைவைத்து, "அப்போ நீங்களே கண்டக்டர் வேல பாருங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் பயணியாக உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டல் தப்பாகிவிட்டது. நாளை மறுபடி போட வேண்டும்.

ஆகஸ்ட் 7

காலையில் அவரிடம், "விரிஞ்சிபுரம் சொல்லுங்க" என்றேன். "இல்ல" என்றார். நான் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். உதட்டைப் பார்த்தார், வரவில்லை. கண் கலங்கியது. விட்டுவிட்டேன்.

வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வரிசையாகப் பல வருடம் சொல்லிப் பழகியது மூளையில் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்குமாம். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வரலாம், வராமலும் போகலாம். "ஆனா நீங்க பாடம் மாதிரி கேக்காதீங்க மேடம்" என்றாள்.

அஃப்ரீனிடம் இன்றும் பஸ் விளையாடச் சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21

பழைய நோட்டுத் தாளை இடது கையால் கிழித்து டிக்கெட் கொடுக்கிறார். "டிக்கெட்" வந்துவிட்டது. "உக்காரு" வந்துவிட்டது. இன்று இரண்டு பையன்கள் ஜன்னல் இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். இருவரையும் பார்த்து "எறங்கு" என்றார். இறங்கிவிட்டார்கள்! நான் சொன்னால் இறங்குவார்களா?

நேற்று நிதிக்கான விண்ணப்பத்தை அனுப்பினோம். "மற்றவை" என்பதில் பாதிப் பக்கம் எழுதினேன்.

ஆகஸ்ட் 29

சொல்லாமல் வந்துவிட்டாள் தீபலட்சுமி. ஆறு மணி இருக்கும். வீட்டுப்பாடம், சுண்டல், கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தாய்மார்களிடம் விடும் ஏற்பாடு எல்லாவற்றையும் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது. பிறகு மரத்தடியைப் பார்த்தாள்.

"அவர் யாரு மேடம்?"

"என் வீட்டுக்காரர்."

"ஸ்கூல்ல வேலை செய்றாரா?"

"இல்ல."

"குழுவுல இருக்காரா? போலீஸ் சரிபார்ப்பு வாங்கியிருக்கீங்களா?"

இல்லை என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேடம், நான் உங்களச் சந்தேகப்படல. ஆனா பிள்ளைங்க இருக்கிற எடத்துல பதிவில்லாத ஆம்பள ஆள் இருந்தா நாங்க நிதி குடுக்கவே மாட்டோம். இன்னொரு ஊர்ல நடந்ததுக்கப்புறம் போட்ட விதி. நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க" என்றேன்.

ஆட்டோவில் அவர் என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 30

நஸீமாவிடம் சொன்னேன். எனக்காகக் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன் போலும்.

"சாரு தங்கமானவரு டீச்சர். எம் பொண்ணு வூட்ல வந்து அவரப் பத்திதான் பேசுது. ஆனா அந்த ரூலு எங்க பொண்ணுங்களுக்காகப் போட்டது. அது தப்புன்னு என் வாயால எப்பிடிச் சொல்றது?"

அவள் சொன்னதில் குறை காண முடியவில்லை. விதி சரி. அவரும் சரி. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"இனிமே சார வூட்லியே இருக்க உட்டுருங்க. புள்ளைங்களுக்கு நீங்க இருந்தாப் போதும்" என்றாள் இன்னொரு தாய். தப்பித்துப் போகப் பின்கட்டில் ஒரு கதவு திறந்துவிட்டது மாதிரி இருந்திருக்க வேண்டும் எனக்கு. அப்படி இல்லை. "அவரத் தனியா விட முடியாது" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 2

மாலைப் பள்ளி இல்லை. நாலரைக்கு வீட்டில் இருந்தேன்.

செப்டம்பர் 3

வீட்டில் இருந்தேன். பிள்ளைகள் பள்ளிக் கேட்டுக்கு வெளியே சுவரில் ஏறி உட்கார்ந்திருந்ததாக எண்ணெய்க் கடைக்காரர் சொன்னார்.

செப்டம்பர் 4

சரோஜா கிளம்பிய கையோடு அவர் சட்டை மாட்டிக்கொண்டு, செருப்பில் கால் நுழைத்துக்கொண்டு, கதவருகே நின்றார். "போலாம்" என்றார். புதுச் சொல். எங்கே என்று தெரிந்தும் "எங்க?" என்று கேட்டேன். "போலாம். போலாம்." ஆறு மணிக்குத்தான் செருப்பைக் கழற்றினார். பவித்ராவும் தம்பியும் இந்நேரம் அடுப்பண்டை இருப்பார்களோ என்று எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஒரே இடத்தை நினைத்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 6

தீபலட்சுமி தொலைபேசியில் பேசினாள்.

"மேடம், நிறுத்திட்டீங்களாமே?"

"ஆமாம்மா."

"உங்க விண்ணப்பம் இங்க நிக்குது. ரெண்டு காரணம். சார் விஷயம் ஒண்ணு, ஆளுக்குச் சம்பளம் கேட்டது இன்னொண்ணு. நான் ஒண்ணு சொல்லட்டா? ஆள்னு எழுதாதீங்க. நூலகம்னு எழுதுங்க. நூலகத்துக்குப் பொறுப்பாளர் ஒருத்தர் வெச்சு மதிப்பூதியம் குடுக்கலாம்னு எங்க விதியிலயே இருக்கு. யாரும் கேக்கிறதில்ல, புத்தகம் மட்டும் வாங்கிக்கிறாங்க. நூலகம் ஏழு மணி வரைக்கும் தொறந்திருக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

"இது ஏமாத்துறது ஆகாதா?"

"நெஜமாவே நூலகம் வைங்க மேடம். அப்புறம் எப்படி ஏமாத்துறதாகும்?"

"சார்?"

"போலீஸ் சரிபார்ப்பு, குழுத் தீர்மானம், எப்பவும் இன்னொரு பெண் கூட இருக்கணும். மூணும் இருந்தா அவர் பதிவுள்ள தன்னார்வலர். என்னால அதத் தாண்டி எதுவும் பண்ண முடியாது."

நல்ல பெண். அன்று அவளை மனதுக்குள் திட்டியிருந்தேன்.

செப்டம்பர் 11

காவல் நிலையம். ஏட்டு அவரைப் பார்த்து, "பேரு?" என்றார். "இல்ல" என்றார் அவர். "வயசு?" "டிக்கெட்." ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வேலூர் வண்டில வருவீங்களே சார்! நான் டூட்டிக்கு அதுலதான் போவேன்" என்று எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் சிவந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 18

குழுத் தீர்மானம் போட்டாயிற்று. முதுகுவலியால் கம்பெனி வேலையை விட்ட வளர்மதி பொறுப்பாளராக இருக்கச் சம்மதித்தாள். பிளஸ் டூ படித்திருக்கிறாள். செவ்வாயும் வியாழனும் மட்டும் அவர் வரலாம், வளர்மதி உடனிருக்க வேண்டும். தீர்மானத்தை நஸீமாவே வாசித்தாள். வாசித்து முடித்ததும், "எல்லா நாளும்னு எழுதத்தான் ஆச டீச்சர்" என்றாள். இது போதும் என்றேன்.

அக்டோபர் 15

நிதி வந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மட்டும். புத்தகம், இரும்பு அலமாரி இரண்டு, பாய்கள், பொறுப்பாளருக்கு மதிப்பூதியம். அடுத்த வருடம் மறுபடி கேட்க வேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நஸீமா கம்பெனியிலிருந்து பேசினாள். பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம். "டீச்சர், இங்க எல்லாரும் கேக்கறாங்கோ, என்னிக்கிலேர்ந்து?"

திங்கட்கிழமையிலிருந்து என்றேன்.

அக்டோபர் 21

வளர்மதி நாலு மணிக்கே வந்துவிட்டாள். சாவியைக் கொடுத்தேன். அலமாரிப் பூட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இடப்பக்கம் அழுத்தித் திருப்ப வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். பிறகு அறையில் உட்கார்ந்து நிலுவையில் இருந்த சுற்றறிக்கைகளை அடுக்கினேன். அவள் எட்டிப் பார்த்து, "இன்னும் போலயா டீச்சர்? நான் பாத்துக்கறேன், நீங்க வூட்டுக்குப் போங்க" என்றாள்.

வெளியே வெயில் அடித்தது. சந்தையில் நின்று முருங்கைக்காய் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பேனாவுக்கு ரீஃபில் வாங்கினேன். எண்ணெய்க் கடைக்காரரிடம் அவர் மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன்.

வீட்டுக்குப் போனதும் சரோஜா கிளம்பிவிட்டார். அவர் கூடத்தில் இருந்தார். நான் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தேன். சரோஜா கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினேன்.

"டீச்சர்."

பிள்ளைகள் யாரோ தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று கையைத் துடைத்தபடி வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை. தெருவில் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"டீச்சர்."

கூடத்திலிருந்து வந்தது. அவர்தான். முப்பது வருடத்தில் ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எப்படிக் கூப்பிடுவார் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. இடது கையால் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு."

உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். "இல்ல" என்றார். இந்தத் தடவை அது இல்லைதான். ஒன்றும் வேண்டாம், உட்கார் என்று அர்த்தம். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

பவித்ராவின் தம்பி காலையில் நூலகத் திறப்பு விழாவில் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அழுததைச் சொன்னேன். வளர்மதி குரல் மெலிசு, பிள்ளைகள் ஏய்த்துவிடுவார்கள் என்றேன். "எறங்கு" என்றார். அதைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றேன். சிரித்தார். குமுதாவுக்குப் பேரன் பிறந்ததைச் சொன்னேன், முன்பே சொல்லியிருந்தேன், மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ராத்திரிக்குத் தோசை.